சரிவில் புல் எதற்கு? கனடாவில் படர் ஜூனிப்பர் வளர்க்க ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவைச் சுற்றி வீடு வாங்கிய நம்மவர் பலருக்கு வளவோடு சேர்த்து ஒரு சரிவும் வந்திருக்கும். ட்ரைவ்வே ஓரமாகவோ, தெருவை நோக்கியோ, பின்வேலிப் பக்கமாகவோ இருக்கும். புல்வெட்டியை அதில் ஏற்றி இறக்குவது இடுப்புக்குக் கேடு. யூலை வந்தால் முதலில் கருகுவதும் அந்த இடத்துப் புல்தான். மழை பெய்தால் மண் கரைந்து நடைபாதைக்கு வந்துவிடும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத் தரையோடு ஒட்டிப் படரும் ஜூனிப்பர் நல்ல தெரிவு. ஊசியிலை இனம், வருடம் முழுக்க இலை இருக்கும், கடுங்குளிரைத் தாங்கும். நன்றாக மூடிவிட்டால் வருடத்துக்கு இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் ஒன்றைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: இலையில்லாத பழைய கட்டையிலிருந்து ஜூனிப்பர் மறுபடி துளிர்க்காது. ரோசாவையோ செம்பருத்தியையோ போல அடியோடு வெட்டிவிட்டுப் புதிதாக வளர விட முடியாது. அதனால் இடம், இடைவெளி, களை மூன்றையும் நடுவதற்கு முன்பே சரி பார்த்துவிட வேண்டும். பிறகு கத்தரிக்கோலால் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் நடக்காது.

காட்டில் எங்கே நிற்கிறது?

டொபர்மோரிக்குச் சுற்றுலா போனவர்கள் இந்தச் செடியை மிதித்திருக்கவும் கூடும். புரூஸ் தீபகற்பத்தில் ஹியூரன் ஏரிக் கரையோரம் சுண்ணாம்புப் பாறை விரிந்து கிடக்குமே, அந்தப் பாறை வெடிப்புகளில் வேரை இறக்கிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் படுத்திருக்கும். மனிடோபாவின் 'ஸ்பிரிட் சாண்ட்ஸ்' மணல்மேடுகளிலும் இதே இனத்தைப் பார்க்கலாம். ஜூனிப்பெரஸ் ஹொரிசொன்ராலிஸ் என்பது அறிவியல் பெயர். கனடா முழுவதும், அலாஸ்காவிலும், அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இயற்கையாக வளர்வது.

செடிக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கரையே சொல்லிவிடும். முழு வெயில், தேங்காத தண்ணீர், சத்துக் குறைந்த மண். நிழலும் ஈரமும் கொழுத்த மண்ணும் அங்கே கிடையாது. நம் வளவில் ஜூனிப்பர் செத்துப்போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்ததால்தான்.

ஆகவே முதல் வேலை, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று பார்ப்பது. கோடை நாளொன்றில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வீட்டின் வடக்குப் பக்கம், பெரிய மேப்பிள் மரத்தின் அடி எல்லாம் வேண்டாம். அங்கே நட்டால் ஒரேயடியாகச் சாகாது. நடுப்பகுதி மெல்ல மெல்ல வெறுமையாகி, நுனியில் மட்டும் பச்சை மிஞ்சும், அதுதான் பார்க்கச் சகிக்காது. அரை நிழல் என்றால் ரஷ்யன் சைப்ரஸ் என்று கேட்டு வாங்குங்கள். 1921இல் விளாடிவொஸ்ரொக் அருகே மலையில் கண்டெடுக்கப்பட்ட செடி. உருவத்தில் ஜூனிப்பருக்கு உறவு மாதிரி இருக்கும், நிழலை அதைவிட நன்றாகத் தாங்கும். பனிக்காலத்தில் செம்பழுப்பாக மாறுவது சிலருக்குப் பிடிக்காது.

அடுத்தது வடிகால். புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டுபவர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கனரக வண்டிகள் ஏறி இறுகிப்போன களிமண்ணின் மேல் மெல்லிய மண் பரப்பிப் புல் விரித்திருப்பார்கள். ஓரடி ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாள் போய்ப் பார்க்கும்போதும் தண்ணீர் நின்றால் அங்கே ஜூனிப்பரின் வேர் அழுகும். மண்ணை மேடாக்கி நடலாம், அல்லது சரிவில் இன்னும் மேலே இடம் பார்க்கலாம். சரிவு என்பதே பாதி வடிகால் என்பதால் அநேகமாகப் பிரச்சினை இராது. சரிவின் அடிவாரத்தைத்தான் கவனிக்க வேண்டும், மேலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும்.

எந்த வகை வாங்குவது

நேர்சரியில் 'ஜூனிப்பர்' என்று மட்டும் கேட்டால் ஆளுயரம் வளர்வதையும் தந்துவிடுவார்கள். சாடியில் இருக்கும்போது எல்லாமே குட்டையாகத்தான் தெரியும். லேபலைத் திருப்பி, முழு வளர்ச்சியில் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று படியுங்கள்.

தரையோடு மிகவும் ஒட்டிக் கிடப்பது 'புளூ ரக்'. லேபலில் 'வில்ரோனி' என்றும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். மெயின் மாநிலத்தின் வினல்ஹேவன் தீவில் 1914இல் எடுத்த செடியிலிருந்து வந்தது. உயரம் 10 முதல் 15 சென்ரிமீற்றர், அகலம் இரண்டு மீற்றர் வரை, வெள்ளி கலந்த நீலம். மதில் மேலிருந்து தொங்க விட்டால் அருவி மாதிரி இறங்கும். 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்' பச்சை நிறம். அல்பேர்ட்டாவின் ஹை ரிவர் பக்கம் இளவரசர் எட்வேர்டுக்குச் சொந்தமாயிருந்த பண்ணையில் 1931இல் கிடைத்தது, மனிடோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் 1967இல் வெளியிட்டது. சமவெளிக் குளிரில் பிறந்தது என்பதால் எட்மன்டன், வினிப்பெக் பக்கம் இருப்பவர்கள் இதையே எடுக்கலாம். தெரு ஓரமாக, உப்புத் தெறிக்கும் இடமாக இருந்தால் கடலோரத்தில் கிடைத்த 'பார் ஹாபர்' வகையைப் பாருங்கள். 'அன்டோரா' முழங்கால் உயரத்துக்குக் கிட்ட வரும். பனிக்காலத்தில் கத்தரிப்பூ நிறமாக மாறும். பெரிய சரிவுக்கு அழகு, குறுகிய பாத்திக்கு வேண்டாம்.

பக்கத்துத் தட்டிலேயே சபீனா என்ற இனத்து ஜூனிப்பர்களும் இருக்கும். வளவில் பேரிக்காய் மரம் இருந்தால் அவற்றைத் தவிருங்கள். பேரிக்காய் இலையில் செம்மஞ்சள் புள்ளியாக வரும் துருநோய் அந்த இனத்தில் பனிக்காலத்தைக் கழிக்கும். சபீனா நச்சுச் செடியும்கூட. பொதுவாகவே வளவில் நிற்கும் எந்த ஜூனிப்பரின் நீலக் காயையும் வாயில் வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஜின்னுக்கு வாசம் கொடுப்பது வேறொரு ஜூனிப்பர். மிளகு மாதிரி இருக்கிறதே, றசத்தில் போட்டால் என்ன என்று யோசிக்கும் பெரியவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

வாங்கும்போது பெரிய சாடியைத் தேட வேண்டியதில்லை. ஒரு கலன், இரண்டு கலன் சாடிச் செடிகள் வேகமாக வேர் பிடிக்கும். செடியைத் தூக்கி அடியிலிருந்து நடுவைப் பாருங்கள். உள்ளே பழுப்பு ஊசிகள் கொஞ்சம் இருப்பது இயல்பு. நுனிகள் சாம்பல் நிறமாக இருந்தாலோ, சாடியின் அடித் துளையால் தடித்த வேர்கள் வெளியே வந்து சுற்றியிருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

நிலம் தயார் செய்தல்

இந்த வேலையில் உழைப்பு மிகுந்த பகுதி இதுதான். முட்கள் நிறைந்த விரிப்பு ஒன்றின் நடுவே புல்லோ முட்செடியோ முளைத்தால் அதைப் பிடுங்குவது எவ்வளவு சிரமம் என்று நடும் நாளில் யாருக்கும் தோன்றாது. அடித்தண்டு ஓடிப் பரவும் புல், கனடியத் திசில் ஆகிய இரண்டும் மோசமானவை. ஒரு துண்டு வேர் மிஞ்சினாலும் போதும், ஜூனிப்பருக்குள் புகுந்து குடியிருக்கும். மருந்தடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை: வீட்டுத் தோட்ட அழகுக்காக வழமையான களைகொல்லிகளைப் பயன்படுத்துவதை ஒன்ராறியோ 2009 ஏப்ரலில் தடை செய்துவிட்டது. கையால்தான் எடுக்க வேண்டும்.

எனவே அவசரப்படாதீர்கள். முடிந்தால் ஒரு பருவம் முன்பே தொடங்குங்கள். ஓகஸ்டில் புல்லைக் கட்டையாக வெட்டி, அச்சில்லாத கார்ட்போர்ட் அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே மரச்சீவலைப் போட்டு விடுங்கள். அடுத்த வசந்தத்தில் அடியிலிருக்கும் புல் உக்கிப்போயிருக்கும். பொறுமையில்லை என்றால் தட்டையான மண்வெட்டியால் புல்தரையைச் சீவி எடுக்கலாம். செங்குத்தான சரிவில் முழுவதையும் சீவினால் அடுத்த மழைக்கு மண் இறங்கிவிடும். அங்கே செடி வரும் இடத்தை மட்டும் சீவி, மற்றதை அட்டையால் மூடுவதுதான் புத்தி.

களை வராமல் தடுக்கும் கறுப்புத் துணியைக் கடைக்காரர் கட்டாயம் காட்டுவார். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஜூனிப்பரின் கிளைகள் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டுத்தான் சரிவைப் பிடித்து நிற்கின்றன. துணி அதைத் தடுக்கும். மேலே போட்ட மரச்சீவல் துணியில் வழுக்கிக் கீழே வந்துவிடும். இரண்டு வருடத்தில் துணியின் மேலேயே தூசி சேர்ந்து களை முளைக்கும், அப்போது துணியையும் எடுக்க முடியாது.

இன்னொன்று, ஆழமாக மண்வெட்டியைப் போடும் முன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாய், மின்கம்பி, இன்டர்நெட் வயர் எங்கே ஓடுகிறது என்று வந்து குறியிட்டுவிட்டுப் போவார்கள். காசு இல்லை, தோண்டுவதற்கு முன் அறிவிப்பது சட்டமும்கூட. நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள துண்டு நிலம் பெரும்பாலும் நகரசபையுடையது, அங்கே நடுவதென்றால் உங்கள் நகரத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி

புதியவர்கள் நெருக்கி நடுவது இங்கேதான். முப்பது சென்ரிமீற்றர் அகலச் செடியை ஒன்றரை மீற்றர் தள்ளித் தள்ளி வைத்தால் வளவு மொட்டையாகத் தெரியும், மனசு கேட்காது. ஆனால் இரண்டு மீற்றர் அகலம் போகும் வகைக்கு ஒன்றரை மீற்றர் இடைவெளிதான் கணக்கு. நெருக்கினால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியிலிருப்பது வெயிலில்லாமல் காயும், காற்றோட்டம் குறைந்து பூசணமும் வரும்.

ஆறு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலமான சரிவுக்கு, ஒன்றரை மீற்றர் இடைவெளியில் முக்கோணமாக மாற்றி மாற்றி வைத்தால் ஒன்பது செடி போதும். காசும் மிச்சம். நடைபாதை, ட்ரைவ்வே ஓரத்திலிருந்து முதல் செடி முக்கால் மீற்றராவது, இடமிருந்தால் ஒரு மீற்றர் தள்ளி நிற்கட்டும். இந்த ஓர அளவில் கஞ்சத்தனம் காட்டினால் பிறகு வருடா வருடம் கத்தரிக்கோலோடு நிற்க வேண்டி வரும்.

மூடுவதற்கு மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும். அதுவரை வெறும் இடம் கண்ணை உறுத்தினால் ஒக்ரோபரில் டஃபடில் கிழங்குகளை இடையில் ஊன்றி விடுங்கள். அணில் டியூலிப் கிழங்கைத் தோண்டித் தின்னும், டஃபடிலைத் தொடாது. 'புளூ ரக்' மாதிரிக் கட்டையான வகை வந்து மூடிய பிறகும் டஃபடில் அதன் நடுவால் எழும்பிப் பூக்கும்.

நடுதல்

ஏப்ரல் கடைசியிலிருந்து யூன் முதல் வாரம் வரை நல்ல காலம். அதைத் தவறவிட்டால் ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் முடியும் வரை. ஒக்ரோபர் பிந்தினால் நிலம் உறைவதற்குள் வேர் பிடிக்காது. நேர்சரிகள் அந்த நேரத்தில்தான் அரை விலைக்குப் போடும், ஆசைப்பட்டு வாங்கிக் குவிக்காதீர்கள்.

முந்தின நாள் சாடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இளம் ஊசிகள் குத்தும், சிலருக்கு முழங்கையில் சிவந்து அரிக்கும்.

கிடங்கின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் அளவே. களிமண்ணில் இரண்டு விரல் குறைவாகவே தோண்டுங்கள், செடி சற்றே மேடாக நிற்கட்டும். சரிவில் முதலில் ஒரு சிறிய படி மாதிரிச் சமதளம் வெட்டி, அதில் கிடங்கைத் தோண்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமாகக் கரை கட்டினால் தண்ணீர் நிற்கும். மேல்பக்கத்து மண் சரிந்து வந்து செடியின் கழுத்தை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழுத்து புதைந்தால் அழுகும்.

சாடியைக் கழற்றியதும் வேரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கீறி, அடியைக் கையால் விரித்து விடுங்கள். அப்படியே நட்டால் வேர் கிடங்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், மூன்றாம் வருடம் கோடையில் காரணம் தெரியாமல் செடி காயும். தோண்டிய அதே மண்ணைத் திருப்பிப் போடுங்கள். பீற் மொஸ், மாட்டெரு, உரம் ஒன்றும் வேண்டாம். களிமண் நடுவே மென்மையான மண்ணை நிரப்பினால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும், வேரும் அதை விட்டு வெளியே போகாது. நீளமான கிளைகள் எந்தப் பக்கம் படர வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கும்படி செடியைத் திருப்பி வைத்து, மண்ணைக் கையால் அமுக்கி, பத்து லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.

பிறகு மரச்சீவல், ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர். சரிவுக்கு நாராகக் கிழித்த பட்டைதான் சரி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். கட்டிக் கட்டியாக இருப்பது மழையில் உருண்டுவிடும். தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளியே போடுங்கள்.

முதல் வருடம்

வறட்சியைத் தாங்கும் செடி என்று லேபல் சொல்வது வேர் பிடித்த பிறகுதான். முதல் மாதம் வாரம் இரண்டு தடவை, அப்புறம் பனி வரும் வரை மழையில்லாத வாரங்களில் ஒரு தடவை, செடிக்குப் பத்து லீற்றர். ஊற்றும் முன் மரச்சீவலை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அன்று வேண்டாம். ஹோஸ் குழாயைச் செடியின் அடியில் மெதுவாக ஓட விடுங்கள், இலை மேல் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் பூசணத்துக்கு அழைப்பு. நவம்பரில் நிலம் உறையுமுன் கடைசியாக ஒரு தடவை நன்றாக நனைக்க வேண்டும். பனிக்காலத்திலும் இலையிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் இழுக்க முடியாது. இரண்டாம் வருடம் கடும் வறட்சிக்கு மட்டும் தண்ணீர். உரம் தேவையே இல்லை.

களையை மட்டும் விடாதீர்கள். முதல் மூன்று வருடம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, சின்னதாக இருக்கும்போதே பிடுங்குங்கள்.

பனிக்காலமும் நிறமாற்றமும்

நவம்பரில் நீலப் பச்சை மங்கி ஊதா ஏறும்போது, செடி செத்துவிட்டது என்று பலர் தோண்டி எறிந்துவிடுகிறார்கள். பொறுங்கள். கிளையை வளைத்துப் பாருங்கள், வளைந்தால் உயிருண்டு. நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். ஏப்ரல், மேயில் நிறம் திரும்பிவிடும்.

சுத்தமான பனி எவ்வளவு விழுந்தாலும் நல்லது, அதுதான் செடிக்குப் போர்வை. ட்ரைவ்வேயிலிருந்து உப்போடு அள்ளிய பனியை அதன் மேல் கொட்டுவதுதான் கேடு. கொஞ்சம் உப்பைத் தாங்கும், குவியலைத் தாங்காது. பனி கரைந்ததும் தெரு ஓரச் செடிகளை ஹோஸால் ஒருமுறை கழுவி, மண்ணையும் நன்றாக நனைத்து விடுங்கள்.

பழுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பழுப்பு நிறம் பார்த்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடாமல், எந்த இடத்தில் என்று பார்த்தால் காரணம் தானாகத் தெரியும். உள்ளே, நடுவில், பழைய ஊசிகள் பழுப்பாவது வயது, விட்டுவிடுங்கள். காற்றும் வெயிலும் அடிக்கும் ஒரே பக்கம் மார்ச்சில் காய்ந்தால் குளிர்க்காலக் கருகல், மே கடைசி வரை காத்திருந்து, துளிர்க்காத நுனியை மட்டும் வெட்டுங்கள். நடைபாதை ஓரத்தில் ஒரு வட்டமாகக் கருகியிருந்தால் பக்கத்து வீட்டு நாய். நாய் போன உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தப்பும், அடுத்த நாள் ஊற்றிப் பயனில்லை.

மழை கூடிய யூன் மாதத்தில் புதுத் துளிர்களின் நுனி மட்டும் செம்பழுப்பாகிச் சாம்பலானால் அது நுனிக்கருகல் என்ற பூசண நோய். செத்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தில் சாம்பல் வளையம் ஒன்று இருக்கும், அதில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இலை காய்ந்திருக்கும் நாளில், நல்ல பகுதி வரை வெட்டி, குப்பைப் பையில் கட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை அல்கஹோலில் துடையுங்கள்.

செடி முழுக்கத் தூசி படிந்தாற்போல் மங்கினால் ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின் கீழ் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில நகர்ந்தால் அவை சிலந்திப்பேன். ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சில நாள் விட்டுத் திரும்பச் செய்தால் குறையும். வசந்தத்தில் ஒரு கிளை முழுசாகக் காய்ந்து, அடியில் பட்டை கடிக்கப்பட்டிருந்தால் பனிக்கடியில் குடியிருந்த வயல் எலி. இலையுதிர்காலத்தில் சுற்றியுள்ள புல்லைக் கட்டையாக வெட்டி வைத்தால் எலிக்கு மறைவிடம் இராது.

வெட்டுவதும் பெருக்குவதும்

இயந்திரக் கத்தரியால் மேலே சமமாக வெட்டுவது இந்தச் செடிக்கு ஆகாது. பச்சை ஓடு கழன்று உள்ளிருக்கும் வெறும் கட்டை தெரியும், அது மறுபடி மூடாது. ஒரு கிளை பாதைக்கு வந்துவிட்டதா? அதைத் தூக்கி, பின்னால் தடவிக்கொண்டு போய், பச்சையான ஒரு பக்கக் கிளை பிரியும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் அடிப்பக்கமாக வெட்டுங்கள். மேலிருக்கும் கிளை விழுந்து வெட்டை மறைத்துவிடும். யூன் முன்பகுதி, மழையில்லாத நாள், சரியான நேரம். நடுவே ஒரு கிளை செத்துப் பள்ளம் விழுந்தால், அதை அடியில் வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்துக் கிளையை அந்தப் பள்ளத்துக்கு இழுத்து வைத்துக் கம்பி வளையத்தால் ஊன்றி விடலாம். ஒரு பருவத்தில் அங்கேயே படரப் பழகிவிடும்.

அதே கம்பி வளையத்தால் புதுச் செடியும் எடுக்கலாம். மே மாதத்தில் தரையைத் தொடும் ஒரு கிளையின் அடியில் பட்டையை இலேசாகச் சுரண்டி, விரலளவு பள்ளத்தில் வைத்து வளையத்தால் அழுத்தி, மண்ணால் மூடி, நுனியை வெளியே விடுங்கள். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த வசந்தத்தில், சிலவேளை அதற்கடுத்த வசந்தத்தில், வேர் விட்டிருக்கும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், எதிர்த்துப் பிடித்தால் தயார். தாய்ச்செடியின் பக்கம் வெட்டி, ஒரு மண்வெட்டி மண்ணோடு எடுத்து நடலாம், அதற்கும் முதல் வருடத் தண்ணீர்க் கணக்குத்தான். டொபர்மோரியிலிருந்து மட்டும் பிடுங்கி வராதீர்கள், தேசியப் பூங்காவில் செடி எடுப்பது குற்றம்.